பாட்டிக்குத் தெரியாமல் ஒரு பாய்மரப் பயணம்!

சென்னை, மே 2-

கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. ராத்திரி ஊர் அடங்கினால் கப்பல் சங்கு காதில் விழும். ஆனாலும் 1994-க்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூடக் கடற்கரை மணலை மிதித்ததில்லை. நேற்று மே தின விடுமுறை. அப்பா, அம்மா, 13 வயது மகள் மூவரும் மணலை மிதிக்கவில்லை. நேராகத் தண்ணீரிலேயே இறங்கிவிட்டார்கள். அதுவும் மோட்டார் இல்லாத, 14 அடி நீளப் பாய்மரப் படகில்!

பெயர் வேண்டாம் என்று அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

அப்பா பாரிமுனையில் ஒரு காகித மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவர். வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். மகளுக்கு முழு ஆண்டு விடுமுறை. இந்த வருஷம் அவள் கேட்டது ஊட்டியும் இல்லை, கொடைக்கானலும் இல்லை. "பாய்மரப் படகு ஓட்டக் கத்துக்கணும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

பள்ளிக்கூடத்தில் நேத்ரா குமணனைப் பற்றிச் சொன்னார்களாம். சென்னைப் பெண். ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். 2021-ல் டோக்கியோ, 2024-ல் பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கைப் பார்த்தவர். அவர் முதன்முதலில் பாய்க் கயிற்றைப் பிடித்ததும் ஒரு கோடை விடுமுறைப் பயிற்சி முகாமில்தான். "அவங்களும் என் வயசுலதாம்மா ஆரம்பிச்சாங்க" என்பது மகளின் வாதம்.

அம்மா அசையவில்லை.

காரணம் உண்டு. அம்மாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். 17 வயது. 1994 காணும் பொங்கல் அன்று சிநேகிதர்களோடு மெரினாவுக்குப் போனவர், குளிக்க இறங்கினார். மறுநாள்தான் கரைக்கு வந்தார். அப்போது இந்த அம்மாவுக்கு வயது 11. அன்றோடு கடல் என்ற பேச்சே அந்த வீட்டில் கிடையாது. பிள்ளையைப் பறிகொடுத்த பாட்டி இப்போது மகள் வீட்டில்தான் இருக்கிறார். டி.வி.யில் கடல் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாராம்.

கடைசியில் ஒரு சமரசம். கடையின் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் துறைமுகத்துக்குள் இருக்கும் படகுச் சங்கத்தில் உறுப்பினர். சொந்தமாகச் சின்னப் படகு வைத்திருக்கிறார். "ஒரு நாள் எல்லாரும் வந்து பாருங்க. பிடிக்கலேன்னா விட்டுடுங்க" என்றார். பார்ப்பது மட்டும்தான், ஏறுவதாக உத்தேசம் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா கிளம்பினார்.

பாட்டியிடம் சொன்னது, "மகாபலிபுரம் போயிட்டு வரோம்மா!"

புடவைக்குத் தடை

துறைமுகத்துக்குள் நினைத்த மாத்திரத்தில் நுழைய முடியாது. அனுமதிச் சீட்டு வேண்டும், அடையாள அட்டை வேண்டும். வாசலில் மத்திய தொழிற் பாதுகாப்புப் படைக் காவலர்கள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். காலை 9 மணிக்கெல்லாம் தார் ரோடு கொதிக்க ஆரம்பித்துவிட்டது. அக்னி நட்சத்திரத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தும் இந்தக் கதி.

படகை ஓட்டிப் போனவர் காசிமேட்டுக்காரர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கட்டுமரத்தில் பிறந்து வளர்ந்த உடம்பு, கருங்காலி மரம் மாதிரி. அம்மாவை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார்.

"புடவை வேணாம்மா. தண்ணில வுயுந்தா கால சுத்திக்கும். வேற துணி கீதா?"

வாடிக்கையாளர் இதை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். பையில் தங்கையின் சுடிதார் ஒன்று இருந்தது. "பாக்கத்தானே வந்தோம்" என்று முணுமுணுத்துக்கொண்டே போய் மாற்றிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு சுடிதார் போட்டுக்கொண்டு வெளியே நின்றது இதுதான் முதல் தடவையாம். கணவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. கணவரும் கெட்டிக்காரர், எங்கோ தூரத்துக் கிரேனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்து லைஃப் ஜாக்கெட். ஆரஞ்சு நிறம், முன்னால் மூன்று கொக்கி. கரையில் நிற்கும்போதே போட்டு இறுக்க வேண்டும். படகில் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் அந்தப் பெரியவரிடம் நடக்காது.

"பழவேற்காட்டுல என்ன ஆச்சுன்னு பேப்பர்ல படிச்சோமே" என்றார் அம்மா.

யாருக்கும் மறந்திருக்காது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் விடுமுறை. பழவேற்காட்டில் 25 பேர் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உல்லாசமாகப் போன குடும்பங்கள்.

பெரியவர் மறுக்கவில்லை. "அதான் சொல்றேன். இதுல நாலு பேருக்கு மேல ஏத்த மாட்டேன். அஞ்சாவது ஆளு கவர்னரே வந்தாலும் கரையிலதான் குந்தணும்."

அப்பாவும் மகளும் ஏறிவிட்டார்கள். அம்மா கரையில். படகு அரையடி விலகியது. என்ன தோன்றியதோ, "இருங்க, இருங்க" என்று பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவும் இறங்கிவிட்டார். படகு ஆட, கண்ணை இறுக மூடிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். அந்த நேரம் மணி 10.

பற்றும் வரவும்

காலை நேரத்தில் கரையில் இருந்து கடலைப் பார்த்து ஒரு லேசான காற்று வீசும். அதைப் பிடித்துக்கொண்டு படகு வடக்கே நகர்ந்தது. சத்தம் இல்லை, புகை இல்லை, டீசல் நாற்றம் இல்லை. அடியில் தண்ணீர் மட்டும் 'களக் களக்' என்றது.

மகள் கையில் சுக்கான் கட்டை வந்தது. அதில் ஒரு வேடிக்கை. கட்டையை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பும். வலது பக்கம் தள்ளினால் இடது பக்கம். முதல் பத்து நிமிஷம் படகு குடிகாரன் மாதிரி போனது. அப்பாதான் விளக்கினார். "நம்ம புஸ்தகத்துல பற்றுன்னா பேங்க் புஸ்தகத்துல வரவு. அதே கணக்குதான், தலைகீழாப் போடு!" பெண்ணுக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

பாயின் அடிப்பக்கம் ஒரு நீளக் கம்பு குறுக்கே இருக்கிறது. பாய் பக்கம் மாறும்போது அது தலை உயரத்தில் 'விஷ்' என்று வரும். "குனி!" என்று பெரியவர் கத்தினால் கேள்வி கேட்காமல் குனிய வேண்டும். அப்பா ஒரு தடவை கேள்வி கேட்டார். நெற்றியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம்!

அம்மா ஒரு கண்ணைத் திறந்தது அப்போதுதான். சிரிப்பை அடக்க முடியவில்லையாம்.

இன்னொரு கண்ணைத் திறந்தபோது எதிரே ஊர் தெரிந்தது. தினமும் பார்க்கிற ஊர்தான், ஆனால் இப்படிப் பார்த்ததில்லை. உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்கள் பச்சை மரங்களுக்கு மேலே நின்றன. அதில் ஒரு கோபுரத்து உச்சியில் 1894-ல் இருந்து 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. அதற்குப் பிறகு வந்த மெரினா கலங்கரை விளக்கம் தெற்கே சின்னச் சிமிழ் போலத் தெரிந்தது. அந்தப் பக்கம் அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை.

இந்தத் துறைமுகம் இயற்கையாக அமைந்தது அல்ல. முன்காலத்தில் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரம் போடும். ஆளும் சாமானும் மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். அந்தப் படகில் ஆணியே கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள், அலை அறைந்தாலும் வளைந்து கொடுக்கும். 1875-ல் தடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1881 நவம்பரில் ஒரு புயல் வந்து கட்டியதையெல்லாம் உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள்.

சுவர் வந்ததும் தெற்கே இருந்து கடல் கொண்டுவரும் மணல் தடுக்கப்பட்டுச் சுவருக்குத் தெற்குப் பக்கம் சேர ஆரம்பித்தது. இன்று சுண்டல் வாங்கித் தின்றபடி நாம் உட்காருகிற அகலமான மெரினா மணல் அப்படிச் சேர்ந்ததுதான். வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் மணல் வரவில்லை, கடல் கரையைத் தின்றது. ஒரு பக்கத்து வரவு இன்னொரு பக்கத்துக்குச் செலவு. இதுவும் கணக்குதான்.

1904-ல் துறைமுகத் தலைவராக வந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர்தான், மணல் அடைத்துக்கொண்டிருந்த கிழக்கு வாயிலை விட்டுவிட்டு வடகிழக்கே புது வாயில் அமைத்தவர். மனிதர் பாய்மரப் பிரியர். 1911-ல் இங்கே படகுச் சங்கத்தைத் தொடங்கியதும் அவரே. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்று அது இன்றும் நடக்கிறது.

காற்று செத்தது

11 மணி சுமாருக்குக் காற்று நின்றது. நின்றது என்றால் சுத்தமாக நின்றுவிட்டது. பாய் துவண்டு, ஈரத்துணி மாதிரித் தொங்கியது. தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போலப் பளபளவென்று அசையாமல் கிடந்தது. தலைக்கு மேலே வெயில், கீழே தண்ணீரில் இருந்து இன்னொரு வெயில்.

"துடுப்புப் போட்டுப் போயிடலாமா?" என்றார் அப்பா.

"எதுக்கு? பஸ்ஸா புடிக்கணும்?" என்றார் பெரியவர். "சாப்பாடு கொண்டாந்தீங்கல்ல? பிரிங்க."

புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், தயிர்சாதம், மாவடு. துறைமுகத்து நடுவில் நாலு பேரும் இலையைப் பிரித்தார்கள். கொஞ்ச தூரத்தில் கார்களை ஏற்றிப் போக வந்த கப்பல் ஒன்று. ஜன்னல் இல்லாத பத்து மாடிக் கட்டடம் மாதிரி அசையாமல் நின்றது. பெரிய கப்பல் நகர ஆரம்பித்தால் சின்னப் படகுதான் விலகிப் போக வேண்டும். கடலின் பொதுச் சட்டப்படி மோட்டார் வண்டிதான் பாய்மரத்துக்கு வழி விட வேண்டும். ஆனால் குறுகலான கப்பல் பாதையில் பாய்மரம் குறுக்கே நிற்கக் கூடாது. லாரிக்கு எதிரே சைக்கிள் போகிற நியாயம்தான்!

பெரியவர் பழைய கதையை அவிழ்த்தார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது கட்டுமரத்துக்கு மோட்டார் கிடையாது. விடியுமுன் மூன்று மணிக்குக் கரைக்காற்று கடலைப் பார்த்து வீசும். பாயை விரித்தால் அதுவே கொண்டுபோய் விடும். மதியம் காற்று திரும்பும். கடலில் இருந்து கரைக்கு வீசும். அதே பாயில் வீடு வந்து சேரலாம். போகவும் காசு இல்லை, வரவும் காசு இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் நிறைய வந்தன. மோட்டார் வந்தது. டீசல், மண்ணெண்ணெய்க் கடனும் கூடவே வந்தது. இப்போது ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பெரிய விசைப்படகெல்லாம் காசிமேட்டில் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன.

"கட்டுமரம் கவுறாதா தாத்தா?" என்றாள் பெண்.

"கவுறும் கண்ணு. ஆனா முயுவாது. மரம்தானே? பொரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்குவோம். இந்தப் படகும் அப்படித்தான். உள்ள காத்து அடைச்ச அறை கீது, அமுங்காது. கவுந்தா ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ. படகை வுட்டுட்டு நீந்தக் கூடாது. கரை கிட்டத் தெரியும், ஏமாத்தும். படகைப் புடிச்சுக்கினு கெட."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "எங்க அண்ணனுக்கு நல்லா நீச்சல் தெரியும்."

பெரியவர் கையில் இருந்த சோற்றை இலையில் வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "கரையோரத்துல இழுக்கும்மா. நடுக்கடலை வுட அதான் பொல்லாதது. நீச்சல் தெரிஞ்சவன்தான் அதிகமா மாட்டுவான்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. மாவடு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கறுப்புக் கோடு!

மணி 12.40. பெரியவர் கிழக்கே கையை நீட்டினார். தடுப்புச் சுவருக்கு உட்பக்கம், பளபளத்த தண்ணீரின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு. மெதுவாக அகலமாகிக்கொண்டே வந்தது.

"வந்துட்டாங்க நம்ம ஆளு!"

கடற்காற்று! நகரத்தில் ஆபீஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, "இன்னிக்கு இன்னும் காத்து வரலியே" என்று நாம் விசிறிக்கொள்கிறோமே, அதே காற்று. தரை சுடச் சுட அங்கே உள்ள காற்று மேலே எழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கடலில் இருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். தினமும் நடக்கிற சமாசாரம். சீக்கிரம் வந்தால் ஊர் பிழைத்தது, தாமதமானால் வெந்தது. அது ஊருக்குள் நுழைவதை ஐந்து நிமிஷம் முன்னாலேயே கண்ணால் பார்த்தவர்கள் நேற்று இந்த நாலு பேர்.

கோடு படகைத் தொட்டது. தொங்கிய பாய் 'படார்' என்று விரிந்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது, சாய்ந்துகொண்டே பறந்தது. சாய்ந்த பக்கத்தில் தண்ணீர் விளிம்பைத் தொட்டுவிட்டது.

"அய்யோ! கவுருது! நிறுத்துங்க! நிறுத்துங்க!" - அம்மா வீறிட்டார். பெண்ணை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டார்.

பெரியவர் பதறவில்லை. தன் கையில் இருந்த பாய்க் கயிற்றை அம்மாவின் இன்னொரு கையில் கொடுத்தார். "தங்கச்சி, இத்தப் புடி. பயமாக் கீதா? அப்ப வுடு."

"என்ன?"

"கயித்த வுடும்மா!"

அம்மா விட்டார். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. காற்று வழிந்து போயிற்று. சாய்ந்த படகு நிமிர்ந்து, சாதுவாக நின்றது. தாயார் சொல்லுக்கு அடங்கின பிள்ளை மாதிரி.

"இப்ப இழு."

இழுத்தார். படகு சாய்ந்து ஓடியது. விட்டார். நின்றது. மறுபடி இழுத்தார். இப்படி ஏழெட்டுத் தடவை. அதற்குப் பிறகு கயிற்றை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. மகள் கேட்டாள், தரவில்லை. கணவர் கேட்டார், திரும்பியே பார்க்கவில்லை.

திரும்புகிற வழியில் காற்று முன்பக்கமாக வந்தது. காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரப் படகாலும் போக முடியாது. அதிகமாகப் போனால் காற்று வரும் திசைக்கு 45 டிகிரி சாய்வு வரை நெருங்கலாம். ஆகவே கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவு மாதிரி வளைந்து வளைந்து ஏற வேண்டும். படகின் நடுவில் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் பலகை பக்கவாட்டில் வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது. பாயில் மோதும் காற்று வேறு வழி இல்லாமல் படகை முன்னால் தள்ளுகிறது. சைக்கிளில் பத்து நிமிஷத்தில் போகிற தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒருவருக்கும் அவசரம் இல்லை.

நடுவில் கார்க் கப்பலின் மறைவில் போனபோது காற்று அறுந்து படகு திடீரென்று நின்றது. மறைவைத் தாண்டியதும் குபீரென்று பிடித்தது. பெண் சுக்கானை விடவில்லை. பயப்படாமல் காற்றுக்கு எதிரே திருப்பிவிட்டாள்.

"சரியான எம்டன்மா உன் பொண்ணு!" என்றார் பெரியவர்.

இந்த ஊரில்தானே அந்த வார்த்தை பிறந்தது! 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் இந்தத் துறைமுகத்துக்கு எதிரே வந்து குண்டு போட்டு, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அன்றைக்கு ஊரே மூட்டை கட்டியது. இன்றைக்குத் துணிச்சலான ஆளை 'எம்டன்' என்கிறோம். பெண்ணுக்கு விஷயம் தெரியாது. படகின் பெயர் ஏதோ என்று நினைத்துக்கொண்டாளாம்.

கரை சேரும் இடத்தில் ஒரு கூத்து. பயிற்சிக்கு வந்த பொடியன்கள் ஏழெட்டுப் பேர், ஆளுக்கு ஒரு குட்டிப் படகில். ஆப்டிமிஸ்ட் என்று பெயர், எட்டடிக்கும் குறைவான நீளம், 15 வயது வரைதான் போட்டிக்கு விடுவார்கள். வேண்டுமென்றே படகைக் கவிழ்ப்பதும், நடுப்பலகையைப் பிடித்துத் தொங்கி நிமிர்த்துவதும், மறுபடி ஏறுவதுமாக இருந்தார்கள். கவிழ்வதுதான் முதல் பாடமாம். ஒரு பத்து வயதுப் பயல் கவிழ்ந்து, முங்கி, மேலே வந்து, மூக்கைச் சிந்திவிட்டுச் சிரித்தான். அம்மா அந்தப் பயலையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். உப்புக் காற்று என்று சொல்லிக்கொண்டார்.

"இதெல்லாம் இவளும் செய்யணுமா?" என்று மட்டும் கேட்டார்.

"செஞ்சாத்தான் சேத்துக்குவாங்க" என்றார் பெரியவர்.

பதில் இல்லை.

மாலை 4 மணிக்கு வெளியே வந்து, பாரிமுனையில் ஆளுக்கொரு பன்னீர் சோடா குடித்துவிட்டு பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் பெண் தூங்கிவிட்டாள். அம்மாவின் உள்ளங்கையில் கயிறு அறுத்த சிவப்புத் தடம். கணவர் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டாராம்.

வீட்டு வாசலில் பாட்டி உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் நெற்றி வீக்கத்தைப் பார்த்தார். பேத்தியின் கறுத்த முகத்தைப் பார்த்தார். "மகாபலிபுரத்துல கூட்டமா?" என்றார்.

"நல்ல கூட்டம் அத்தை" என்றார் மாப்பிள்ளை.

கொடியில் தொங்கிய சுடிதாரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அம்மா அதை எடுத்து மறுபடியும் நல்ல தண்ணீரில் அலசிப் போட்டார்.

பயிற்சி முகாமில் சேருவதற்கான விண்ணப்பத்தை அப்பா வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். பெற்றோர் கையெழுத்து வேண்டும். அவர் போட்டுவிட்டார். பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது.

பாட்டிக்குச் சாயங்காலம் தவறாமல் மாலைப் பேப்பர் படிக்கிற பழக்கம் உண்டு. இன்று மட்டும் கடையில் பேப்பர் தீர்ந்துபோய்விட்டது என்று சொல்லிவிடுவதாக உத்தேசம்!